பிடித்த எழுத்தாளருக்கு நன்றிக் கடிதமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

“உங்கள் எழுத்துதான் என்னை எழுத வைத்தது. என் வாழ்க்கையே மாறிவிட்டது. மிக்க நன்றி ஐயா.” இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மேலே எந்த எழுத்தாளரின் பெயரைப் போட்டாலும் இந்த மூன்று வரி அப்படியே பொருந்திவிடும். கதையோ ஓவியமோ குறும்படமோ, ஒருவரைப் படைப்புத் துறைக்கு இழுத்து வந்த எழுத்தாளருக்கு எழுதும்போது பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்: “அந்தக் கதையின் இழவு வீட்டில் யாரும் அழுததாக நீங்கள் எழுதவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளை மட்டும் சொன்னீர்கள். அதைப் படித்த பிறகு, என் படக்கதையில் அழும் முகங்கள் இருந்த மூன்று கட்டங்களை அழித்துவிட்டு, திண்ணையோரச் செருப்புக் குவியலை ஒரே கட்டமாக வரைந்தேன்.” எந்த இடம், அங்கே அவர் செய்தது என்ன, அதனால் உங்கள் கை மாற்றிச் செய்தது என்ன என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. கதை நன்றாக இருந்தது என்று அவருக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள். உங்கள் மேசையில் அது என்ன செய்தது என்பதை உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

நினைவை நம்பி எழுத வேண்டாம். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். நாவலில் இல்லாமல் படத்தில் மட்டும் வரும் வசனத்தையும், வாட்ஸ்அப்பில் அவர் பெயரோடு சுற்றும் வரியையும் அவரிடமே பாராட்டுவது, அவரைப் படிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். அதேபோல “உங்கள் எல்லா நாவலையும் பிடிஎஃப்பில் படித்துவிட்டேன்” என்று பெருமையாக எழுதுகிறவர்கள் உண்டு. தமிழ்ப் பதிப்புலகில் ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். 300 ரூபாய்ப் புத்தகம் விற்றால் எழுதியவருக்கு 30 ரூபாய். திருட்டு நகல் அதையும் பறித்துவிடுகிறது. முதலில் புத்தகத்தை வாங்குங்கள்.

அடுத்தது நீளம். பள்ளிப் பருவத்தில் தொடங்கி வேலையை விட்டது வரை நான்கு பக்கம் ஓடி, நன்றி கடைசிப் பத்தியில் வரும் கடிதங்கள் ஏராளம். 250 சொற்கள், ஏ4 தாளில் ஒரு பக்கம் போதும். உங்களைப் பற்றி இரண்டே வரி எழுதினால் போதும். வயதானவருக்கு என்றால் எழுத்து 14 புள்ளி அளவில் இருக்கட்டும். மற்ற எழுத்தாளர்களை மட்டம் தட்டி இவரை உயர்த்தவும் வேண்டாம். நீங்கள் குப்பை என்று சொல்லும் ஆள் அவருடைய நெருங்கிய நண்பராக இருக்கலாம்.

எல்லாவற்றையும் விடக் கடிதத்தைக் கெடுப்பது நன்றியோடு சேர்த்துக் கட்டி அனுப்பும் வேண்டுகோள். “இத்துடன் என் நாவலின் கைப்பிரதியை இணைத்துள்ளேன், ஒரு அணிந்துரை தந்தால்…” என்ற வரி வந்ததும், அதற்கு முன்னால் எழுதிய பாராட்டெல்லாம் முன்பணம் போல ஆகிவிடுகிறது. 300 பக்கக் கைப்பிரதி என்பது அவருடைய பல நாள் உழைப்பு. அதோடு, நாளைக்கு அவர் கதையில் ஒரு சம்பவம் ஒத்துப்போனால் திருட்டுப் பழி வருமே என்று, கேட்காமல் வரும் பிரதியைத் திறக்காதவர்களும் உண்டு. கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்ட இளைஞருக்கு 1903 பிப்ரவரியில் பதில் எழுதிய ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேகூட விமர்சனம் செய்ய மறுத்துவிட்டார். கடிதம் மட்டும் தொடர்ந்தது. உங்கள் படைப்பு அச்சில் வந்திருந்தால் ஒரு பிரதி அனுப்பலாம். அவர் பாதிப்பு தெரியும் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்து, “படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை” என்று எழுதிவிடுங்கள்.

அவர் கதையைக் குறும்படமாக்கும் அனுமதியையும் இந்தக் கடிதத்தில் கேட்காதீர்கள். “சரி தம்பி, செய்ங்க” என்று வாட்ஸ்அப்பில் வரும் பதிலை நம்பிப் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது. பதிப்புரிமை எழுத்து மூலமான, கையெழுத்திட்ட ஒப்பந்தமாகத்தான் கைமாற வேண்டும். அதைத் தனியாக, பிறகு கேளுங்கள்.

விளிக்கும்போது கவனம் தேவை. அறிமுகம் இல்லாதவரை ‘அண்ணா’, ‘அக்கா’ என்று தொடங்காமல் “அன்புள்ள … அவர்களுக்கு, வணக்கம்” என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். புனைபெயரை வைத்து ஐயாவா அம்மாவா என்று ஊகிக்க வேண்டாம். சுஜாதா என்ற பெயரில் எழுதியவர் ரங்கராஜன். கதைகளில் வண்ணதாசனாக இருப்பவர் கவிதைகளில் கல்யாண்ஜி. உங்களைத் தொட்டது கவிதை என்றால் கல்யாண்ஜிக்கு எழுதுவதே அழகு.

வீட்டு முகவரியையோ கைபேசி எண்ணையோ யாரிடமாவது தோண்டித் துருவி வாங்காதீர்கள். புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் பதிப்பக முகவரி இருக்கும். சில நூல்களில் ஆசிரியரின் மின்னஞ்சலும் இருக்கும். அட்டையில் உள்ள பெயரை எழுதி, ‘மே/பா’ (மேற்பார்வை, அதாவது c/o) போட்டு, பதிப்பகத்தின் பெயரையும் பின்கோடையும் எழுதுங்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். இரண்டு தாளும் உறையும் சேர்ந்து 20 கிராமுக்குள் அடங்கும், 5 ரூபாய்த் தபால்தலை போதும். புகைப்படம், பதில் உறை என்று திணித்தால் எடை தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால், உங்கள் நன்றியை அவர் காசு கொடுத்து வாங்க வேண்டி வரும். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய ஸ்பீட் போஸ்ட் முதியவர்களுக்குத் தொந்தரவு. சாதாரணத் தபாலே நல்லது.

புத்தகக் காட்சியில் நேரில் பார்த்தால், கையெழுத்து வரிசையில் நின்றபடி முழுக்கதையும் சொல்லத் தொடங்காதீர்கள். பின்னால் நிற்பவர்களின் பொறுமை போய்விடும், அவர் காதிலும் பாதிதான் விழும். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கடிதத்தை உறையில் கொடுங்கள். சால்வை வேண்டாம், அவர் வீட்டில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பார்கள்.

பதில் வராமல் போகலாம். “என் கடிதம் கிடைத்ததா?” என்று நினைவூட்டினால் நன்றி கடனாகிவிடும். பதில் வந்தால் உடனே படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். தாள் உங்களுடையது, அதில் உள்ள வாசகத்தின் பதிப்புரிமை அவருடையது. கடிதமும் சட்டத்தின் பார்வையில் எழுத்துப் படைப்புதான். கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

உங்கள் சொந்த நூலின் நன்றிப் பக்கத்தில் அவரைக் குறிப்பிடும்போது “வழிகாட்டிய”, “செம்மைப்படுத்திய” போன்ற சொற்கள் வேண்டாம். கைப்பிரதியை அவர் பார்த்துத் திருத்தினார் என்ற பொருள் வந்துவிடும். “இவருடைய கதைகளைப் படித்துத்தான் எழுத வந்தேன்” என்பது உண்மை, அதுவே போதும். அச்சுக்குப் போகும் முன் அவர் பெயரை அவருடைய புத்தக அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்: தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, ‘ர’வா ‘ற’வா, நடுவில் ஒற்று இருக்கிறதா என்று.