சின்ன மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடலோடு பேஸ் கிட்டார் கச்சேரி: முதன்முறை மேடையேறுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரக்க வைப்பது), கோரஸ் (ஒன்று பலவாகச் சேர்ந்து ஒலிப்பது போலக் காட்டுவது), டியூனர், ஆம்ப் மாடல் (ஆம்ப்பின் ஒலியைப் போலச் செய்வது) என்று முன்பெல்லாம் ஒரு பெட்டி நிறையச் சுமந்து போனதெல்லாம் இப்போது கையடக்கமான ஒரு பெடலுக்குள் வந்துவிட்டது. ஜூம் பி1 ஃபோர், ஜூம் எம்எஸ்-60பி, பாஸ் ஜிடி-1பி, லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்று எந்த விலையிலும் ஒன்று கிடைக்கிறது. வாங்கி வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஃபேக்டரி பேட்ச்களை (பெடலிலேயே சேமித்து வரும் ஒலி அமைப்புகளை) ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதே பேட்ச்சை டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு கிட்டாரோடு சேர்ந்து வாசித்தால் பேஸ் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். தனியாகக் கேட்கும்போது அசத்த வேண்டும் என்று அமைத்த ஒலிகள் அவை.

மேடையில் இந்தப் பெடலிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். வாசிக்கிற ஒவ்வொரு நோட்டும் ஒரே அளவில், தெளிவாக, கிக் டிரம்மோடு ஒட்டிக் கேட்க வேண்டும். அது கைகூடிய பிறகுதான் கோரஸும், நோட்டோடு ஒரு ஸ்தாயி தள்ளி இன்னொன்றைச் சேர்க்கும் ஆக்டேவும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன. மெனுவும் பட்டன்களும் மாடலுக்கு மாடல் மாறும். செய்ய வேண்டிய வேலை மாறாது.

படி 1: பவரைச் சரிபாருங்கள்

இந்த வகைப் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசியில், நடு முனை நெகட்டிவ் உள்ள அடாப்டரில் ஓடும். பெடலின் மேலோ அடியிலோ அதற்கான படக்குறி இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட்டும் முனையும் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர், பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருந்தால் தவறில்லை, குறையத்தான் கூடாது. எச்எக்ஸ் ஸ்டாம்ப்போடு வரும் அடாப்டர் 3 ஆம்பியர் தரும். சாதாரண ஓவர்டிரைவ் பெடலின் சிறிய அடாப்டரை அதில் செருகினால் வேலைக்காகாது.

ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து டிஜிட்டல் பெடலுக்கும் மற்றப் பெடல்களுக்கும் பவர் கொடுத்தால், மெல்லிய விசில் போன்ற இரைச்சல் உள்ளே வர வாய்ப்பு அதிகம். டிஜிட்டல் பெடலுக்குத் தனி அடாப்டர் வைப்பதே நல்லது. பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் புதிய பேட்டரி ஒரு செட் பையில் இருக்கட்டும், கச்சேரியை மட்டும் அடாப்டரில் நடத்துங்கள்.

படி 2: ஒலி எங்கே போகிறது என்று முடிவு செய்யுங்கள்

பேட்ச் அமைக்க உட்காரும் முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பெடலிலிருந்து ஒலி பேஸ் ஆம்ப்புக்குப் போகிறதா, நேராக மிக்ஸருக்குப் போகிறதா?

ஆம்ப்புக்குப் போகிறது என்றால் பெடலில் உள்ள கேபினெட் சிமுலேஷனை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் அமைப்பை) அணைத்துவிடுங்கள். உண்மையான ஸ்பீக்கர் ஒன்று எதிரே இருக்கும்போது பெடலும் ஸ்பீக்கர் போல ஒலியை வடிகட்டினால் மேல்பகுதி இரண்டு முறை வெட்டப்பட்டு, ஒலி கம்பளி போர்த்தியது போல மங்கிவிடும். ஆம்ப் மாடலும் அங்கே அனேகமாகத் தேவைப்படாது. நேராக மிக்ஸருக்குப் போகிறது என்றால் கேபினெட் சிமுலேஷன் ஓடட்டும், முக்கியமாக ஓவர்டிரைவ் போடும் பாட்டுகளில். இல்லாவிட்டால் டிரைவின் மேல்பகுதி தகரத்தைக் கீறுவது போலக் கேட்கும்.

மிக்ஸருக்குப் போவதில் இன்னொரு விஷயம் உண்டு. சிறிய பெடல்களில் பலவற்றில் எக்ஸ்எல்ஆர் அவுட்புட் (மைக் கேபிள் செருகும் மூன்று முனை இணைப்பு) இருக்காது, சாதாரண கிட்டார் ஜாக் மட்டும்தான். அந்தக் கேபிள் ஏழெட்டு மீட்டரைத் தாண்டினால் வழியில் உள்ள லைட், மின்கம்பிகளின் இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் பெடலுக்குப் பக்கத்திலேயே ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சிறிய பெட்டி) வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்ஸருக்கு அனுப்ப வேண்டும். சவுண்ட் டீமிடம் முன்கூட்டியே "பேஸுக்கு ஒரு டி.ஐ. வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஹம் (தொடர்ந்து வரும் மின் இரைச்சல்) கேட்டால் அந்தப் பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஹம் நிற்கவில்லை என்று பவர் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கம்பியில் கை வைத்து நிற்பவருக்கு அது உயிராபத்து.

படி 3: காலிப் பேட்ச் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

எல்லா எஃபெக்டும் நீக்கிய வெற்றுப் பேட்ச் ஒன்றை எடுங்கள். பேஸின் வால்யூம் முழுவதும் திறந்திருக்கட்டும். கச்சேரியில் எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அதே பலத்தோடு வாசியுங்கள். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிப்பது) அடிப்பவரானால் அதையும் அடித்துப் பாருங்கள். ஆக்டிவ் பேஸின் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ள பேஸின்) சிக்னல் பலமானது. இன்புட்டிலேயே ஒலி கரகரத்தால் பெடலில் இன்புட் லெவலைக் குறையுங்கள், அந்த வசதி இல்லையென்றால் பேஸின் வால்யூமைச் சற்று இறக்குங்கள். இங்கே நுழைகிற கரகரப்பைப் பின்னால் எந்த எஃபெக்டாலும் எடுக்க முடியாது.

அடுத்து, பெடலை பைபாஸில் (எஃபெக்ட் எதுவும் சேராமல் ஒலி அப்படியே கடந்துபோகும் நிலையில்) போட்டும் எடுத்தும் வாசித்துப் பாருங்கள். இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். பின்னால் செய்யப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

படி 4: கம்ப்ரஸர்

பேஸுக்கு ஒரே ஒரு எஃபெக்ட் போதும் என்று யாராவது சொன்னால் நான் கம்ப்ரஸரைத்தான் எடுப்பேன். நம் விரல்கள் எல்லா நோட்டையும் ஒரே பலத்தில் தட்டுவதில்லை. இ கம்பியின் திறந்த நோட்டு பெரிதாக வரும், ஜி கம்பியில் 12வது ஃபிரெட் நோட்டு மெலிந்து வரும். கூட்டத்தில் நிற்பவருக்கு முதலாவது கேட்கும், இரண்டாவது கேட்காது. கம்ப்ரஸர் பெரியதைத் தட்டி அடக்கி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறது.

தொடக்க அமைப்பு இப்படி இருக்கட்டும். ரேஷியோ 4:1, அதாவது எல்லைக்கு (த்ரெஷோல்ட்) மேல் 4 டெசிபல் ஏறினால் வெளியே 1 டெசிபல்தான் ஏறும். அட்டாக், அதாவது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம், 20 முதல் 30 மில்லிசெகண்ட். இதைவிட வேகமாக வைத்தால் விரல் கம்பியைத் தொடுகிற முதல் தட்டையே விழுங்கிவிடும். தாளம் தெளிவாகக் கேட்பதே அந்தத் தட்டில்தான். ரிலீஸ், அதாவது அடக்கியதை விடுவிக்க எடுக்கும் நேரம், 100 முதல் 200 மில்லிசெகண்ட். த்ரெஷோல்டை மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். பலமான நோட்டுகளில் 3 முதல் 6 டெசிபல் குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

உங்கள் பெடலில் இத்தனை நாப் இல்லாமல், சென்ஸ், லெவல் என்று இரண்டு மட்டும் இருந்தால் காதை வைத்தே முடிவு செய்யலாம். திறந்த இ கம்பியை ஒருமுறை தட்டுங்கள், உடனே ஜி கம்பியின் 12வது ஃபிரெட். சென்ஸை ஏற்றிக்கொண்டே இதையே திரும்பத் திரும்ப வாசியுங்கள். ஓர் இடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்கும் மேலே ஏற்றினால் நோட்டின் தொடக்கம் அமுங்கி, அடங்கும்போது இரைச்சல் மேலெழும். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள். கடைசியாக லெவலைத் திருப்பி, பைபாஸ் சத்தத்துக்குச் சமமாக்குங்கள்.

படி 5: ஈக்யூவைச் சத்தமாக வைத்து அமையுங்கள்

மெதுவான சத்தத்தில் நம் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே கேட்கும். ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933இல் அளந்து வெளியிட்ட விஷயம் இது. ராத்திரி வீட்டில், பக்கத்து அறைக்குக் கேட்காத சத்தத்தில் ஈக்யூ (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அமைப்பு) அமைத்தால் கை தானாக பேஸ் நாப்பை ஏற்றிவிடும். அதே பேட்ச் மேடைச் சத்தத்தில் ஒரே உறுமலாகும். ஈக்யூவின் கடைசி முடிவை ஒத்திகையில், மற்ற வாத்தியங்கள் ஓடும்போது எடுங்கள்.

எந்த எண்ணைத் தொடுவது? நான்கு கம்பி பேஸின் திறந்த இ சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியின் தாழ்ந்த பி சுமார் 31 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே இசை கிடையாது. கை கம்பியில் உரசும் சத்தமும் மேடைப் பலகையின் அதிர்வும்தான் இருக்கும். ஹை-பாஸ் ஃபில்டர் (ஓர் எல்லைக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) இருந்தால் 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள், ஐந்து கம்பியென்றால் 30 பக்கம். ஸ்பீக்கருக்கு வேலை குறையும், ஒலி இறுகும்.

200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான் அடிக்கடி குழம்பிப்போகிற இடம். கிட்டாரின் கீழ்ப்பகுதியும் கீபோர்டின் இடது கையும் அங்கேதான் வந்து குவியும். அங்கே 2, 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பிறகு 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது போல, அழகில்லாமல் இருக்கும்; பயப்படாதீர்கள். இசைக்குழுவோடு சேர்ந்ததும் எந்த நோட்டு வாசிக்கிறீர்கள் என்பதைக் கேட்பவருக்குச் சொல்வது அந்தப் பகுதிதான். நடுவை முழுக்க வெட்டி, கீழையும் மேலையும் தூக்கிய அமைப்பு ஹெட்ஃபோனில் இனிக்கும், மேடையில் கரைந்துவிடும். முதன்முறை மேடையேறுபவர்களிடம் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

படி 6: டிரைவ் போடுவதாக இருந்தால்

கிட்டாருக்காகச் செய்த டிரைவ் மாடல்களில் பல, கீழ்ப்பகுதியை வெட்டித்தான் கரகரப்பைத் தரும். அதை அப்படியே பேஸுக்குப் போட்டால் ஒலியின் அடிவாரம் போய்விடும். பிளெண்ட் அல்லது மிக்ஸ் என்ற நாப் இருக்கிற மாடலைத் தேர்ந்தெடுங்கள். சுத்தமான ஒலி பாதிக்கு மேல் இருக்கட்டும், டிரைவை அதன் மேல் கலந்துகொள்ளுங்கள். கெயினும் குறைவாகவே இருக்கட்டும். லேசான டிரைவுக்கு இன்னொரு நன்மை உண்டு: சிறிய ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது, ஆனால் டிரைவ் கூட்டித்தரும் 82, 123 ஹெர்ட்ஸ் போன்ற மடங்குகளை எழுப்ப முடியும். அவற்றைக் கேட்டே காது அடிநோட்டை ஊகித்துக்கொள்ளும்.

வரிசை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆக்டேவ், கம்ப்ரஸர், டிரைவ், ஆம்ப் மாடல், ஈக்யூ, கோரஸ், கடைசியில் ரிவர்ப் என்று தொடங்கலாம். மேடையில் ரிவர்ப்பை நான் தொடுவதே இல்லை. அரங்கமே அதைத் தந்துவிடும். ஆக்டேவ் முன்னால் இருப்பதற்குக் காரணம், அது நோட்டைச் சரியாகக் கண்டுபிடிக்கச் சுத்தமான சிக்னல் தேவை. ஒரு நேரத்தில் ஒரே நோட்டு, அதுவும் 5வது ஃபிரெட்டுக்கு மேலே வாசித்தால் தடுமாறாது.

படி 7: மூன்று பேட்ச், ஒரே சத்தம்

முழுக் கச்சேரிக்கும் மூன்று பேட்ச் போதும். விரலால் வாசிக்கும் சுத்தமான ஒலி, டிரைவ் கலந்த ஒலி, ஸ்லாப்புக்கு ஒன்று. ஸ்லாப் வாசிக்காதவர் அந்த இடத்தில் கோரஸ் போட்ட மெலடி ஒலி வைத்துக்கொள்ளலாம். இவற்றை அடுத்தடுத்த இடங்களில் சேமித்து வையுங்கள். பாட்டு நடுவில் குனிந்து 37வது பேட்ச்சைத் தேட நேரமிருக்காது.

சத்தத்தைச் சமமாக்குவதுதான் இதில் பெரிய வேலை. நாலு பார் உள்ள ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். முதல் பேட்ச்சில் டிரம்மரோடு சேர்ந்து அதை வாசியுங்கள், நிறுத்தாமல் இரண்டாவதுக்கு மாறுங்கள். டிரைவ் பேட்ச் தனியாகக் கேட்டால் பெரிதாகத் தோன்றும், டிரம்ஸோடு சேர்ந்ததும் பின்னால் போய்விடும். அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து மீட்டரைப் பார்த்து முடிக்கக் கூடாது. முடிந்தால் நண்பர் ஒருவரை அறையின் கோடியில் நிறுத்தி, "எப்போது மாறினேன் என்று தெரிகிறதா? பேஸ் ஏறுகிறதா, இறங்குகிறதா?" என்று கேளுங்கள். நிறம் மாறியது தெரிய வேண்டும், அளவு மாறியது தெரியக் கூடாது. பேட்ச் லெவலை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி இதைச் சரிசெய்யுங்கள்.

பேட்ச் மாறும்போது சில பெடல்களில் ஒலி ஒரு நொடிப் பகுதி அறுந்துபோகும். உங்களுடையதிலும் அப்படி இருந்தால், பாட்டு நடுவில் பேட்ச்சை மாற்றாமல், ஒரே பேட்ச்சுக்குள் டிரைவை மட்டும் காலால் போட்டு அணைக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோசேவ் உள்ள பெடலென்றால், எல்லாம் அமைத்து முடித்ததும் அதை அணைத்துவிடுங்கள். இருட்டில் கால் பட்டு நாப் திரும்பினால் அந்த மாற்றம் சேமிப்பாகிவிடும். யுஎஸ்பி வழியாக கம்ப்யூட்டரோடு பேசும் மாடல்களுக்குப் பேட்ச்களைப் பிரதியெடுக்கும் மென்பொருள் உண்டு, அதையும் செய்து வையுங்கள்.

படி 8: கச்சேரி நாள்

பெடலை வைக்கும் இடம் முக்கியம். தண்ணீர் பாட்டிலுக்கும் பாடகர் நடமாடும் வழிக்கும் தள்ளி, உங்கள் வலது காலுக்கு நேரே வையுங்கள். அடாப்டர் கம்பியைத் தரையோடு டேப் ஒட்டிவிடுங்கள்.

டியூனரில் ஏ = 440 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். சுவிட்சை அழுத்தினால் ஒலி முழுவதும் மியூட் ஆகும்படி அமைத்திருக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு டியூன் செய்வது கூட்டத்துக்குக் கேட்கத் தேவையில்லை, கேபிளைக் கழற்றும்போதும் இந்த மியூட்டே பயன்படும்.

சவுண்ட் செக்கில் இன்ஜினியர் "பேஸ் கொடுங்க" என்றதும் இருப்பதிலேயே பலமான பேட்ச்சை முதலில் கொடுங்கள். அதற்கேற்ப அவர் கெயின் வைத்துவிட்டால் பின்னால் எதுவும் உடையாது. பிறகு சுத்தமான பேட்ச்சில் நிதானமாக, தாழ்ந்த நோட்டிலிருந்து உயர்ந்த நோட்டு வரை வாசியுங்கள். ஏதாவது ஒரு நோட்டு மட்டும் மேடையில் அதிர்ந்து ஓங்கிக் கேட்டால் அது அரங்கத்தின் வேலை. பேட்ச்களை ஒவ்வொன்றாகத் திருத்தாமல், பெடலில் குளோபல் ஈக்யூ (எல்லாப் பேட்ச்சுக்கும் பொதுவான ஈக்யூ) இருந்தால் அந்த இடத்தில் 3 டெசிபல் இறக்குங்கள், மூன்று பேட்ச்சும் ஒன்றாகத் திருந்திவிடும். அதன்பின் மாஸ்டர் வால்யூமைத் தொடாதீர்கள். மேடையில் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் மானிட்டரில் கேளுங்கள். நீங்கள் பெடலில் ஏற்றினால் கூட்டத்துக்கும் ஏறிவிடும்.

பெடல் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று இப்போதே ஒத்திகை பாருங்கள். மிக்ஸரில் மியூட் செய்யச் சொல்லி இன்ஜினியருக்குக் கை காட்டுங்கள், பெடலின் இன்புட்டில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி டி.ஐ. பாக்ஸின் இன்புட்டில் செருகுங்கள், மியூட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டின் இடையிசைக்குள் முடிந்துவிடும் வேலைதான். கூடுதல் கேபிள் ஒன்று பையில் இருக்கட்டும்.

கச்சேரி முடிந்ததும் இன்புட் ஜாக்கில் இருக்கும் கேபிளைக் கட்டாயம் கழற்றுங்கள். பேட்டரியில் ஓடும் பெடல்கள் பலவற்றில் அந்த ஜாக்தான் பவர் சுவிட்ச். ஆக்டிவ் பேஸிலும் அப்படியே, கேபிள் செருகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.