தலைமடை முதல் கடைமடை வரை: மோட்டார்ஹோமில் போன் து கார் நீர்ப்பாலத்துக்கு

தெற்குப் பிரான்சில் கார்தோன் ஆற்றின் குறுக்கே, மூன்றடுக்கு வளைவுகளுடன் ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்தில் நிற்கும் போன் து கார், கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலமாகும். கல்லணையைப் பார்த்து வளர்ந்த டெல்டாக்காரர்கள் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். உசேஸ் ஊற்றிலிருந்து நீம் நகரம் வரை 50 கிலோமீட்டர் ஓடிய ஒரு வாய்க்காலின் ஒரு துண்டுதான் அந்தப் பாலம். வாய்க்காலோடு நாமும் நகர்ந்து, வழியிலேயே தங்கிச் சமைத்துக்கொள்ள, படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியான மோட்டார்ஹோம் மிகவும் ஏற்றது.

பிரான்சு உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். வண்டி ஓட்டுபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டத்தக்கவை 3.5 டன்னுக்கு மேற்படாத வண்டிகளே என்பதால், வாடகைக்கு முன்பதிவு செய்யும்போதே எடையைக் கேட்டுவிடுங்கள். காரைக்காலிலிருந்து சென்று அங்கே குடியேறிய உறவினர் இருந்தால், வாடகை ஒப்பந்தத்தை அவரைப் படிக்கச் சொல்வது நல்லது. பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் எடுத்துச்செல்லத் தடை இருப்பதால், வீட்டு நெய்யையும் பால்கோவாவையும் விட்டுவிட்டுச் சாம்பார்ப் பொடியோடு கிளம்புங்கள்.

லியோன் நகரில் வண்டியை எடுத்தால், ரோன் ஆற்றை ஒட்டிய ஏ7 நெடுஞ்சாலையில் தெற்கே ஒராஞ்சு வரை வந்து, ஏ9 சாலையில் திரும்பி, 23ஆம் எண் வெளிவழியில் ரெமூலென் ஊருக்கு இறங்கலாம். அங்கே வலப்பக்கம் ஓட்டுவது மட்டுமன்று, வேறு குறியீடு இல்லாத சந்திப்புகளில் வலமிருந்து வரும் வண்டிக்கு வழிவிடுவதும் சட்டம். நம் பழக்கத்துக்கு இதுவே கடினம், ஆகவே முதல் நாள் குறைந்த தூரமே ஓட்டுங்கள். வண்டி நிறுத்துமிடங்கள் பலவற்றில் உயரத் தடைக்கம்பி இருக்கும் என்பதால், வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநரின் கண்முன் ஒட்டிவையுங்கள். இரவில் மோட்டார்ஹோமுக்கென ஒதுக்கிய இடங்களிலோ முகாம் மைதானங்களிலோ தங்கி, கழிவு நீரையும் கழிவறைத் தொட்டியையும் அதற்குரிய இடத்தில் மட்டுமே காலி செய்ய வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆற்றங்கரையில் முகாமிடாதீர்கள். 2002 செப்டம்பரில் கார்தோன் பெருவெள்ளம் கண்டது. கொள்ளிடம் எப்படிச் சீறும் என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி வாய்க்கால். முதலில் உசேஸ் சென்று, ஏர் என்னும் பள்ளத்தாக்கில் நீரை முறைப்படுத்திய தொட்டியின் எச்சத்தைக் காணுங்கள். அங்கிருந்து நீம் வரை மொத்த இறக்கம் சுமார் 12.6 மீட்டர்தான், கிலோமீட்டருக்குக் கால் மீட்டர் வாட்டம். வரப்பில் நின்று ஒரு சாண் மேட்டுக்காக மண்வெட்டி எடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கின் அருமை முழுதும் புரியும். நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ள தொலைவை, வாட்டம் கெடாமல் குன்றுகளைச் சுற்றி 50 ஆக்கினார்கள். அடுத்து, வெர் கிராமத்தருகே சிதைந்து நிற்கும் வளைவுகளின் ஓரமாக நடந்து, நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவின் கனத்தைப் பாருங்கள். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆயுளெல்லாம் மடை திறந்த என் தந்தையார் அதைத் தடவிப் பார்த்து, "தூர் வாராத வாய்க்கால்" என்றார். பராமரிப்புக் குறைந்ததால் வாய்க்கால் குறுகியதைத்தான் அந்தப் படிவு காட்டுகிறது.

அதன்பிறகே பாலத்துக்குச் செல்லுங்கள். ஒட்டினாற்போல் உள்ள சாலைப்பாலம் ரோமானியருடையதன்று. 1743 முதல் 1747 வரை கட்டப்பட்டது. மாலை வெயிலில் மஞ்சளேறும் கற்களைக் காண ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள்.

கடைசியாக நீம் நகரின் வெளிப்புறத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பேருந்திலோ நடந்தோ காஸ்டெல்லம் என்னும் பங்கீட்டுத் தொட்டிக்குப் போங்கள். சுமார் ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி அது. அதன் சுவரில் ஈயக் குழாய்கள் பொருந்தியிருந்த பத்துத் துளைகள் இன்றும் இருக்கின்றன. ஊரின் பல பகுதிகளுக்கும் தண்ணீர் பிரிந்தது அங்கேதான்.