ஸ்க்விட் காந்தமானியில் சாம்பிள் வைக்கும் முன்

ஸ்க்விட் காந்தமானி என்பது மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) உணரியால் மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் கருவி. இது 10⁻⁸ இஎம்யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு) வரை உணரும். சாம்பிளோடு சேர்த்து நம் அழுக்கையும் அளந்து தந்துவிடும். எனவே ஸ்டீல் இடுக்கி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். ஒட்டிக்கொண்ட ஒரு இரும்புத் துகள் அறை வெப்பநிலையிலேயே ஹிஸ்டெரிசிஸ் வளையம் (காந்தப் புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் காந்தமாக்கம் வேறு வேறு பாதையில் போவது) காட்டி, "புது ஃபெரோகாந்தம்!" என்று ஏமாற்றும்.

சுமார் 10 மில்லிகிராம் தூளை எடை போட்டு ஜெலட்டின் கேப்சூலில் இறுக்கி அடையுங்கள். தளர்வாக இருந்தால் துகள்கள் புலத்தின் பக்கம் திரும்பி, காந்தமாக்கம் கூடுதலாகத் தெரியும். கேப்சூலில் ஊசியால் ஒரு துளை போட்டு, பிளாஸ்டிக் ஸ்ட்ராவின் நடுவே நிறுத்துங்கள். துளை இல்லையென்றால் சிக்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் உறைந்து, 50 கெல்வினை ஒட்டி ஒரு மேடு வரும். அதைக் காந்த நிலைமாற்றம் என்று நம்பிவிடுவது ரொம்ப சுலபம்.

பிறகு புலமின்றி 2 கெல்வினுக்குக் குளிர்வித்து, 100 ஆர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அலகு) கொடுத்து, சூடேற்றிக்கொண்டே அளங்கள். அதே புலத்தில் குளிர்வித்து இன்னொரு முறை. திரை 'பூஜ்யம்' என்றாலும் கருவியின் மீக்கடத்திக் காந்தத்தில் சில ஆர்ஸ்டெட் தங்கியிருக்கும். புலமின்றிக் குளிர்வித்து அளந்த முதல் வளைவு எதிர்க்குறியில் தொடங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குளிர்விக்கும் முன்பே புலத்தை முன்னும் பின்னுமாக அலைத்துக் குறைத்துவிடுங்கள். காலி கேப்சூலையும் அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.