ஏலத்தில் வாங்கிய மீன் மறுநாளே ஏன் செத்தது?

பாளையங்கோட்டையில் எங்கள் மீன் வளர்ப்புக் குழு நடத்தும் ஏலத்தில் பவளத் துண்டுக்கு இடமில்லை. கல் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விற்கவே கூடாது. கப்பி, மோலி, ஏஞ்சல் மீன்கள், தொட்டிச் செடிகள் மட்டும்தான்.

மண்டபத்தில் பைக்குள் துள்ளிய மீன், வாங்கியவர் வீட்டில் மறுநாள் செத்து மிதந்தது. குளோரின்தான் காரணம் என்று அதை நீக்கும் தயோசல்பேட் போட்டோம். அப்புறம் வெயில் என்று தெர்மோகோல் பெட்டி. ஆக்சிஜனையும் கூட்டினோம். சாவு நிற்கவில்லை.

விசாரித்ததில் ஒரு வேடிக்கை. பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கியவர்களின் மீன்தான் செத்திருந்தது. வலையில் அள்ளி அப்படியே போட்ட சோம்பேறிகளின் மீன் ஜம்மென்று நீந்தியது!

கட்டிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சைக் குறைக்கும், அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடும். அதனால் மீனின் கழிவு பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே நிற்கும். பையைத் திறந்தால் வாயு வெளியேறி பிஎச் ஏறும். அம்மோனியத்தில் ஒரு பங்கு கொடிய அம்மோனியாவாக மாறும். மீன் அதிலேயே ஊறும்.

இப்போது விற்பவர் முந்தின நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும். ஏலத்தில் பையை அவிழ்த்துக் காட்டக் கூடாது. வீட்டில் மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீர் வாசல் செடிக்கு.

ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா என்றும் பையில் எழுதச் சொல்கிறோம். உப்புத் தண்ணீரில் வளர்ந்த மோலியைத் தாமிரபரணித் தண்ணீருக்கு மாற்றுபவர் அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சாவுப் புகார் நின்றுவிட்டது. இப்போது செடியோடு வரும் நத்தைக்குத்தான் சண்டை.