மாருதி 800: முன்பக்கக் கிராங்க் ஒயில் சீல் மாற்றிய விதம்

கிராங்க் புளிக்குப் (எஞ்சின் சுழல்தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) பின்னால் ஒயில் கசிந்தால் உடனே சீலை (தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) குறை சொல்லக் கூடாது. முதலில் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளிவிடும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், கரி அடைத்திருந்தது. அதை அப்படியே விட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறிப் புதுச் சீலிலும் கசியும்.

பற்றரி மைனஸைக் கழற்றி, டைமிங் குறிகளை (கிராங்கும் வால்வுகளை இயக்கும் தண்டும் ஒத்துச் சுழல்வதைக் காட்டும் அடையாளங்கள்) நேராக்கி, அவற்றை இணைக்கும் டைமிங் பெல்ட்டையும் அது ஓடும் பல்லுப் புளியையும் எடுத்தேன். பழைய சீல் கல்லாய் இறுகியிருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனியில் டேப் சுற்றித்தான் நெம்ப வேண்டும். ஷாஃப்ட்டில் (கிராங்க் தண்டில்) கீறல் விழுந்தால் எந்தச் சீலும் நிற்காது. அளவு சீலின் முகத்திலேயே இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. கல்முனைக் கடைகளில் அதைக் காட்டிக் கேட்பதே சுகம்.

புதுச் சீலில் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினுக்குள். ஷாஃப்ட்டைத் தொடும் உள்விளிம்பான உதட்டில் ஒயில் பூசி, வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி பைப் துண்டால் சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்கவும். நம்மூர் முற்றத்து மணல் ஒரு பருக்கை ஒட்டினாலும் உதடு தேயும். ஷாஃப்ட்டில் நகம் மாட்டும் பள்ளம் இருந்தால், உதடு அதில் விழாதபடி சீலை ஒரு மில்லிமீற்றர் தள்ளி நிறுத்தலாம்.

ஒயிலில் நனைந்த டைமிங் பெல்ட்டைத் துடைத்துப் போடாதீர்கள், புதிது வேண்டும். ஸ்டார்ட் செய்யமுன் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளைப் பாருங்கள்.