மாவுக்கட்டுக்குள் கொழுந்து பறித்தல்

போன ஐப்பசி மழையில், கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டச் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. இருபது வருஷம் கொழுந்து பறித்த கை மரத்துப் போய்விடுமோ என்ற பயத்தில் மனசுக்குள்ளேயே பறிக்க ஆரம்பித்தேன். கட்டோடு உட்கார்ந்திருக்கிற யாரும் இதைச் செய்யலாம்.

அசைவதாக நினைத்தாலே, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும் சிறுமூளையும் பெருமளவு நிஜ வேலையில் போலவே இயங்குகின்றன. கட்டளை மட்டும் தசை வரை இறங்குவதில்லை. 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடம்புக்காரர்களின் கையை நான்கு வாரம் கட்டி வைத்தார்கள். சும்மா இருந்தவர்களுக்கு மணிக்கட்டின் பலம் சுமார் 45 சதவீதம் குறைந்தது. வாரத்துக்கு 5 நாள், மணிக்கட்டை முழு பலத்தோடு மடக்குவதாக நினைத்துப் பழகியவர்களுக்குக் குறைந்தது 24 சதவீதம்தான்.

சரி, எப்படிச் செய்வது? நான் முதல் வாரம் முழுக்கத் தப்பாகச் செய்தேன். எதிர்மேட்டில் நின்று, கூடையோடு போகிற என்னையே பார்ப்பதுபோல் நினைத்தேன். அது வெறும் படம். உங்கள் கண்ணிலிருந்து பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், விரலில் உணர வேண்டும். கொழுந்தை நகத்தால் கிள்ளக்கூடாது என்பது அம்மா சொல்லிக்கொடுத்தது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு இலையும் மொட்டும் வரும், லேசாகத் திருப்பினால் ‘டக்’கென்று ஒடியும். பனி ஈரம் விரலிடுக்கில் இறங்கும். அந்த ‘டக்’ விரலுக்குள் கேட்கும் வரை அடுத்த கொழுந்துக்குப் போகாதீர்கள்.

வேகமும் நிஜ வேகமாகவே இருக்கட்டும். பழகிய அசைவை நினைப்பதற்கும் செய்வதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபது கொழுந்து எண்ணிப் பாருங்கள். சீக்கிரம் முடிந்துவிட்டால் நடுவில் எதையோ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போதும், அதற்கு மேல் கவனம் நிற்காது.

கற்பனைக்கு ஒரு குறை உண்டு. தண்டு முற்றியிருந்தால் நிஜத்தில் ஒடியாது. அந்தச் சேதி விரல் தோலிலிருந்து மூளைக்குப் போய், கை உடனே மேலேறி இளங்கணுவைத் தேடும். நினைப்பில் அந்தச் சேதி வருவதில்லை. அதனால் மகளிடம் தினமும் காலையில் இலையோடு ஒரு கிளையை ஒடித்து வரச் சொன்னேன். இடது கையால் மூன்று ஒடித்துவிட்டு, அந்த உணர்வு ஆறுவதற்குள் கண்ணை மூடி வலது கையால் தொடர்ந்தேன்.

நினைக்கும்போது வலித்தாலோ கை தானாக இறுகினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சொன்ன விரல் பயிற்சியையும் விட வேண்டாம்.

கட்டுப் பிரித்த பிறகு முதல் நாள் அரைமணி நேரம்தான் பறிக்க முடிந்தது. முன்கை சோர்ந்துவிட்டது. ஆனால் விரல் கணுவைத் தேடவில்லை, நேராகப் போய் நின்றது.