சின்னக் கொழுந்துக் கூடையை நட்டமில்லாமல் விற்பது எப்படி

தேயிலைக் கொழுந்து சுமந்த மூங்கில் கூடை பல தோட்டங்களில் நைலோன் பைக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டபோதிலும், அதன் உள்ளங்கையளவுச் சிறு வடிவம் இன்று இலங்கை மலையகத்தின் சுற்றுலா ஊர்களான நுவரெலியாவிலும் எல்லவிலும் அன்பளிப்புப் பொருளாக விலைபோகிறது. பின்னத் தெரிந்தவர்களுக்கு மலையகத்தில் குறைவில்லை; பின்னியதைக் கைக்காசு இழக்காமல் விற்கத் தெரிந்தவர்களே குறைவு. அம்மாவும் சித்தியும் பின்னும் கூடைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவன் என்பதால் அந்தக் கூடையையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கம்பளித் தொப்பி பின்னுபவருக்கும் துணிப்பை தைப்பவருக்கும் கணக்கு இதேதான்.

முதலில் விலை. நம்மவர்கள் மூங்கிலுக்கும் சாயத்துக்கும் கொடுத்த காசை மட்டும் எண்ணி, அதற்கு மேல் ஏதோ கொஞ்சம் வைத்து விற்றுவிடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி வந்து, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அமர்ந்து பின்னிய நேரம் கணக்கிலேயே வருவதில்லை. 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 169 ரூபா வரும். கொழுந்து பறிக்கும் கூலியை விடக் குறைந்த கூலிக்குக் கைவேலை செய்வதில் அர்த்தமில்லை என்பதால், மணிக்கு 200 ரூபாவென்று வைத்துக் கணக்குப் போடலாம். மூங்கிலும் சாயமும் 150, இரண்டரை மணி நேர வேலை 500, பொதியும் அட்டையும் 60, பஸ் செலவுக்கும் பழுதாகும் கூடைகளுக்குமாக 60 என்று எடுத்துக்கொண்டால், ஒரு கூடையின் அடக்கவிலை 770 ரூபா.

பலரும் சறுக்குவது இதற்கடுத்த படியில்தான். கடைக்காரர் 30 சதவீதம் கொமிஷன் கேட்டால், 770உடன் 30 சதவீதத்தைக் கூட்டி 1001 ரூபாவென்று விலை போட்டுவிடுகிறோம். அவரோ விற்ற விலையில் 30 சதவீதத்தை, அதாவது 300 ரூபாவை எடுத்துக்கொள்வார். நம் கைக்கு வருவது 701 ரூபா, கூடைக்கு 69 ரூபா நட்டம். அடக்கவிலையை 0.7ஆல் வகுத்தால்தான் சரியான விடை கிடைக்கும். அப்படி வரும் 1100 ரூபா நட்டமில்லாத விலை மட்டுமே. 1250க்கு விற்றால்தான் கூடைக்கு 105 ரூபா மிஞ்சும். நீங்களே நேரடியாக விற்கும்போதும் அந்த 1250ஐக் குறைக்காதீர்கள், ஏனெனில் சந்தையில் 900க்குக் கிடைக்கும் பொருளைத் தன் கடையில் 1250க்கு வைத்திருக்க எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டார்.

கடையில் பொருள் வைக்கும்போது திகதி, எண்ணிக்கை, விலை, கொமிஷன், பணம் தரும் நாள் ஆகிய ஐந்தையும் இரண்டு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். நான் முதன்முதலில் ஒரு கடையில் 24 கூடைகளை வாய்ப்பேச்சை நம்பி வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் போனபோது, 15தான் தந்தீர்கள் என்றார்கள். மறுத்துப் பேச என்னிடம் துண்டுச்சீட்டுக்கூட இல்லை.

எங்கே, எப்போது விற்பது என்பதை வாங்க வருபவரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்துக் குடும்பங்கள். அவர்கள் அலங்காரப் பொருளைவிட, தேயிலைப் பக்கற்றோ பழமோ வைக்கக்கூடிய சற்றுப் பெரிய கூடையை விரும்புவார்கள். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) மே மாதப் போயா வரை சிவனொளிபாதமலைக்கு ஏறுபவர்களுக்காக மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் வைப்பதானால், பொருள் சிறியதாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் அளவுக் கூடை அங்கே பொருந்தும். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவருக்குப் பைக்குள் நசுங்காத, எடையில்லாத பொருள் வேண்டும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் மூங்கில் பொருள்களை விமான நிலையத்தில் அறிவித்துச் சோதனைக்குக் காட்ட வேண்டும் என்பதால், பட்டையோ பூச்சி துளைத்த தடமோ இல்லாத கூடைகளையே அவர்களுக்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு கூடையிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய சிறு அட்டை இருக்கட்டும். எந்த ஊரில் பின்னியது, எத்தனை மணி நேரம் பிடித்தது, பெரிய கூடை எதற்குப் பயன்பட்டது என்ற மூன்று வரி போதும். ஏழைப் பெண்களுக்கு உதவுங்கள் என்று எழுதவே எழுதாதீர்கள். இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார், அதோடு அம்மா அந்த வரியைப் படித்தால் என்ன நினைப்பாள் என்றும் யோசிக்க வேண்டும். பேஸ்புக்கிலோ வட்ஸ்அப்பிலோ போடும் படத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன், மேகமூட்டமான வெளிச்சத்தில், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசற்படியில் வைத்து எடுத்தாலே நன்றாக வரும். கூடைக்குள் நாலு கொழுந்து வைத்தால் அளவும் விளங்கும்.

மழைக்காலத்தில் நம் பொருளுக்கு எமன் பூசணம். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தில் பின்னும் கூடை வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், அடிப்பின்னலுக்குள் ஈரம் நிற்கும். அதை அப்படியே பொலித்தீனில் கட்டி அனுப்பினால், பொதியைப் பிரிப்பவர் காண்பது வெள்ளைப் புள்ளிகளைத்தான். அடுப்படிக்கு மேலே பரண் இருந்தால் நான்கைந்து நாள் அங்கே வைத்து, அடியை மூக்கருகே பிடித்து முகர்ந்து பாருங்கள். ஈர மண் வாசம் அடித்தால் இன்னும் காயவில்லை. பொதிக்குப் பொலித்தீனை விடக் கடதாசி நல்லது. தூர இடங்களுக்கு அனுப்பும்போது பெரியதற்குள் சிறியதை அடுக்கினால் பெட்டியின் அளவு குறையும்.

ஹோட்டல் ஒன்று 100 கூடை கேட்டால், மகிழ்ச்சியில் உடனே தலையாட்டிவிடாமல் நாட்களை எண்ணுங்கள். மொத்த வேலை 250 மணி நேரம். இருவர் மாலையில் மூன்று மணி நேரம் வீதம் பின்னினாலும் 42 நாள் ஆகும். இடையில் தோட்டத்துத் திருவிழாவும் மழையும் வரும் என்பதால் இரண்டு மாதத் தவணை கேளுங்கள். பாதிப் பணம் முற்பணமாகக் கைக்கு வந்த பிறகே மூங்கில் வாங்கப் போங்கள்.